மலையில் தெரிவது புகையா, பனியா?

சனிக்கிழமை காலை எட்டரைக்கு என் வகுப்பு. ஹட்டன் டவுனில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே உள்ள அறை. இருபத்திரண்டு கதிரைகள், ஒரு வெண்பலகை, எதிர்மலையைப் பார்த்த ஒரு ஜன்னல். நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா, கொட்டகலைப் பக்கங்களிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிற பிள்ளைகள் ஈரக் குடைகளை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வருவார்கள். உயர்தரம் முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சைகளுக்குத் தயாராகிறவர்கள். அவர்களுக்கு நுண்ணறிவுத் தாள் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

ஒரு பெப்ரவரி மாதம், வகுப்பு பாதியில் இருக்கும்போது முன்வரிசைப் பெண் ஜன்னலைக் காட்டிக் கத்தினாள். “மிஸ், மலையில நெருப்பு!”

மொத்த வகுப்பும் எழுந்து ஜன்னலுக்கு ஓடியது. மாசி வெயிலில் மானாப்புல் காய்ந்து கிடக்கும்போது யாராவது நெருப்பு வைப்பது இங்கே புதிதல்ல.

“நெருப்பு எங்கே தெரியுது?” என்றேன்.

“நெருப்பு தெரியல மிஸ். புகை வருதே!”

ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றோம். வெயில் ஏறியது. வெள்ளை மெல்லக் கலைந்து மேலே போனது. கீழே தேயிலை பச்சையாக, ஒரு கருகலும் இல்லாமல் இருந்தது. புகை இல்லை, பனி. பிள்ளைகள் அவளைக் கேலி செய்தார்கள். நான் செய்யவில்லை. “நீ நினைச்ச விதத்துல ஒரு பிழையும் இல்ல. பிழை எங்கேன்னு கண்டுபிடிச்சா இன்றைய பாடம் முடிஞ்சுது” என்றேன்.

அவள் மனதுக்குள் நடந்தது இதுதான். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உள்ள இடம். அந்த மலை புகை உள்ள இடம். ஆகவே அந்த மலை நெருப்பு உள்ள இடம். இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து வைத்ததும் மூன்றாவது தானாக வந்து விழுகிறது. இதைத்தான் நாங்கள் உயர்தரத்தில் அளவையியல் பாடத்தில் ‘நியாயத்தொடை’ என்று படித்தோம். தரப்படும் இரண்டு வாக்கியங்களும் எடுப்புகள். வந்து விழுவது முடிவு. போட்டிப் பரீட்சைத் தாள்களில் இரண்டு மூன்று எடுப்புகளைத் தந்து, “கீழ்வரும் முடிவுகளில் எது கட்டாயமாகப் பெறப்படும்?” என்று கேட்கிற வினாக்கள் எல்லாம் இந்த வகைதான். பத்து வினாவுக்குப் பத்து நிமிடம் கிடைக்காது. முறை தெரிந்தவருக்கு ஒன்றுக்கு அரை நிமிடம் போதும். தெரியாதவருக்கு அரை மணித்தியாலமும் போதாது.

சாத்தனாரும் அரிஸ்டோட்டிலும்

கிரேக்கத்தில் அரிஸ்டோட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் இதை ஒழுங்குபடுத்தி எழுதினார் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மலையும் புகையும் நம் வீட்டுச் சொத்து என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் முப்பது காதைகள். இருபத்தொன்பதாவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையியல் பாடம் நடத்துகிறார். அங்கே வருகிற உதாரணமே மலைதான். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அதற்குப் பின்னால் உபநயம், நிகமனம் என்று இரண்டு. ஒரு இளம்பெண்ணுக்கு அடுக்களையை உதாரணம் காட்டித் தருக்கம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் நமக்கு முன்பே இருந்திருக்கிறார்.

அதைவிட என்னைத் திகைக்க வைத்தது அடுத்த பகுதி. பாடத்தை முடித்துவிட்டு அடிகள் போலி வாதங்களை வரிசையாகச் சொல்கிறார். அதில் ஒன்று: தெரிவது ஆவியா, பனியா என்று சந்தேகம் இருக்கும்போதே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று துணிவது. என் முன்வரிசைப் பெண் செய்த பிழைக்கு அந்தக் காப்பியத்தில் பெயரே இருக்கிறது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே உள்ள ஊர். இங்கே ஆண்டு முழுக்க அந்தப் பிழைக்கு வாய்ப்பு உண்டு.

ஆக, வாதத்தில் பிழை வரக்கூடிய இடம் இரண்டு. ஒன்று, எடுப்பு பொய்யாக இருக்கலாம். மற்றது, எடுப்புகள் சரியாக இருந்தும் முடிவு அவற்றிலிருந்து வராமல் போகலாம். பரீட்சை கேட்பது இரண்டாவதை மட்டும். முதலாவதைப் பரீட்சை கேட்பதே இல்லை. நான் ஒருமுறை தோற்றது இந்த வித்தியாசம் தெரியாமல்தான்.

தேயிலை மரமாகுமா?

நான் முதன்முதலில் எழுதிய போட்டிப் பரீட்சையில் நுண்ணறிவுத் தாளில் எனக்கு வந்த புள்ளியை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. எது, எந்த வருடம் என்பதெல்லாம் வேண்டாம். வினாத்தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, பிழைத்த வினாக்கள் எல்லாவற்றிலும் ஒரே வியாதி. எனக்குத் தெரிந்ததை நான் எழுதியிருந்தேன்.

அந்த வியாதியைக் காட்ட நானே ஒரு வினா செய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு புது வகுப்புக்கும் முதல் நாள் இதைத்தான் பலகையில் எழுதுவேன்.

எல்லாத் தேயிலைகளும் பூக்கும் தாவரங்கள்.
சில பூக்கும் தாவரங்கள் மரங்கள்.
முடிவு: சில தேயிலைகள் மரங்கள்.

முடிவு வருமா, வராதா? கொழும்பில் வளர்ந்த ஒருவரிடம் கேட்டால், தேயிலை இடுப்பளவுச் செடிதானே, எப்படி மரமாகும் என்று யோசித்து “வராது” என்பார். என் பிள்ளைகள் எல்லோரும் “வரும்” என்று கை தூக்குவார்கள். ஏனென்றால் அவர்களுக்குத் தெரியும். கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். விதைக்காக விட்டுவைத்த தேயிலை கூரைக்கு மேல் போய் நிற்பதைத் தோட்டத்தில் பார்த்து வளர்ந்தவர்கள். வெள்ளைப் பூவையும் கொட்டையையும் பொறுக்கி விளையாடியவர்கள்.

கொழும்புக்காரர் விடை சரி, காரணம் பிழை. நம் பிள்ளைகளின் அறிவு சரி, விடை பிழை. முடிவு உண்மைதான். ஆனால் அந்த இரண்டு எடுப்புகளிலிருந்து அது வரவில்லை. தேயிலை என்ற இடத்தில் ‘ரோஜா’ என்று போட்டுப் பாருங்கள். மல்லிகை, அல்லி என்று எதைப் போட்டாலும் எடுப்புகள் இரண்டும் அப்படியே நிற்கும். முடிவு மட்டும் கவிழும். அல்லி மரமாகாது.

இப்போது எதிர்ப்பக்கம்.

எல்லா அட்டைகளும் பாடும்.
பாடுவதெல்லாம் பறவை.
முடிவு: எல்லா அட்டைகளும் பறவைகள்.

வகுப்பு சிரிக்கும். காலையில்தான் காலிலிருந்து அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்திருப்பார்கள். “வராது மிஸ்!” ஆனால் இது வரும். இரண்டு எடுப்புகளும் பச்சைப் பொய். இருந்தும் அவற்றை ஒத்துக்கொண்டால் முடிவிலிருந்து தப்ப வழியில்லை. அளவையியல் மொழியில் இது வலிதான வாதம். முன்னது வலிதற்ற வாதம்.

அப்போது நான் சொல்வது இதுதான்: “உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் குடையோட சேர்த்து வாசல்லேயே வைச்சிட்டு வாங்க. இந்தத் தாளுக்குள்ள அட்டை பாடும்னா பாடும்.”

மூன்று வளையலும் ஒரு பிடி கடலையும்

வட்டம் போட்டுப் பார்க்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணிதப் புத்தகத்தில் தொடைகள் என்ற பாடத்தில் வென் வரிப்படம் வருகிறது. ஜோன் வென் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் 1880இல் அதை முன்வைத்தார். அதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்னாலேயே ஒயிலர் என்ற கணித மேதை ஓர் ஐரோப்பிய இளவரசிக்கு எழுதிய கடிதங்களில் வட்டம் போட்டு நியாயத்தொடையை விளக்கியிருக்கிறார். அந்தக் கடிதங்கள் 1768இல் புத்தகமாக வரத் தொடங்கின.

நான் தாளில் வட்டம் போடச் சொல்வதில்லை. தாளில் போட்ட வட்டம் நகராது. ஒரு தரம் போட்டுவிட்டால் அதையே உண்மை என்று மனம் பிடித்துக்கொள்ளும். அதனால் வகுப்பில் வளையல்கள் வைத்திருக்கிறேன். ஹட்டன் கடைத்தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் வளையல்கள். கைக்குழந்தைக்குப் போடுகிற அளவில் ஒன்று, பெரியவர்களுடையது இரண்டு. கூடவே ஒரு பிடி அவித்த கடலை.

‘எல்லா’ என்றால் சின்ன வளையலைப் பெரிய வளையலுக்குள் வை. ‘எதுவும் இல்லை’ என்றால் இரண்டையும் தள்ளித் தள்ளி வை. ‘சில’ என்றால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பாதியாகப் படியவைத்து, படிந்த இடத்தில் ஒரு கடலையை வை. ‘சில இல்லை’ என்றால் கடலையை முதல் வளையலுக்குள், இரண்டாவதற்கு வெளியே வை. இந்த நான்கு வாக்கியங்களுக்கும் நிறைவிதி, நிறைமறை, குறைவிதி, குறைமறை என்று பெயர் படித்தோம். பெயர் மறந்தாலும் கடலை மறக்காது. (‘ஆலிஸ்’ கதை எழுதிய லூயிஸ் கரோல் 1886இல் இதே விதமாகப் பலகையும் காய்களும் வைத்துத் தருக்க விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். அவருடைய காய்களைத் தின்ன முடியாது. என் வகுப்பில் வினா முடிவதற்குள் எடுப்பைத் தின்றுவிடுகிற பையன்கள் உண்டு.)

இப்போது தேயிலை வினாவுக்கு வாருங்கள். சின்ன வளையல் தேயிலை. அதைப் ‘பூக்கும் தாவரம்’ என்ற பெரிய வளையலுக்குள் இடது ஓரமாக வையுங்கள். முதல் எடுப்பு முடிந்தது. மூன்றாவது வளையல் ‘மரம்’. அது பெரிய வளையலின் மேல் எங்காவது படிந்தால் போதும். வலது ஓரத்தில் படிய வைத்து அங்கே கடலையை வையுங்கள். இரண்டாவது எடுப்பும் முடிந்தது. தேயிலையும் மரமும் தொட்டுக்கொண்டனவா? இல்லை. எடுப்புகள் இரண்டையும் மீறாமல் முடிவை மட்டும் உடைத்துவிட்டீர்கள். ஆகவே முடிவு பெறப்படாது.

முறையின் உயிர் இந்த ‘உடைத்துப் பார்’ என்பதில்தான் இருக்கிறது. பிள்ளைகள் முடிவைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு படம் போட்டுவிட்டு “சரி” என்று அடையாளமிடுகிறார்கள். காப்பாற்றுகிற படம் ஆயிரம் இருந்தாலும் பயனில்லை. உடைக்கிற படம் ஒன்று கிடைத்தால் வினா முடிந்தது. எப்படி நகர்த்தியும் உடையவில்லை என்றால்தான் முடிவு கட்டாயம். அட்டை வினாவை உடைத்துப் பாருங்கள். அட்டை பாடுவதற்குள், பாடுவது பறவைக்குள். சின்ன வளையல் எங்கே ஓடினாலும் பறவையை விட்டு வெளியே போக முடியாது.

வளையல் கையில் இல்லாத பரீட்சை மண்டபத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு எடுப்பிலும் வந்து முடிவில் வராத சொல்லைத் தேடுங்கள். அது மத்திய பதம். கல்யாணத் தரகரைப் போல. மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் சேர்த்து வைத்துவிட்டுத் தாலி கட்டும்போது ஒதுங்கிவிடுவார். ஒரு வீட்டுக்காவது தரகரை முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். தேயிலை வினாவில் தரகர் ‘பூக்கும் தாவரம்’. முதல் எடுப்பு பூக்கும் தாவரங்களில் தேயிலை இருக்கிற மூலையை மட்டும் பேசுகிறது. இரண்டாவது மரங்கள் இருக்கிற மூலையை மட்டும். எல்லாப் பூக்கும் தாவரங்களையும் பற்றி யாரும் பேசவில்லை. சம்பந்தம் முடியாது. பாடப்புத்தகம் இதை வியாத்தி அடையாத மத்திய பதப் போலி என்று சொல்லும்.

கூடவே மூன்று குறுக்கு வழி. இரண்டு எடுப்பும் ‘சில’ என்றால் முடிவு எதுவும் வராது. இரண்டும் ‘இல்லை’ என்றாலும் வராது. ஒன்று ‘இல்லை’ என்றால் முடிவும் ‘இல்லை’யாகத்தான் இருக்கும். மொத்தம் 256 வடிவங்களில் நியாயத்தொடையை அமைக்கலாம். அவற்றில் பழைய மரபு வலிதானவை என்று ஏற்றது 24. வெற்று வகுப்புகளுக்கும் இடம் கொடுக்கிற இன்றைய தருக்கம் ஏற்பது 15. மிச்சம் எல்லாம் உடைபவை. பரீட்சைத் தாளில் சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

“எல்லாரும் வரல”

முறை தெரிந்த பிறகும் பிள்ளைகள் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அது தருக்கத்தில் இல்லை, தமிழில் இருக்கிறது.

ஒரு நாள் வட்டவளைப் பக்கம் மண் சரிந்து பஸ் வரவில்லை. வகுப்பில் பாதிப் பேர் இல்லை. “எல்லாரும் வரல மிஸ்” என்றான் ஒருவன். அன்று அதையே பாடமாக்கினேன். அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள்? ஒருவரும் வரவில்லை என்றா, வந்தவர் சிலர், வராதவர் சிலர் என்றா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பேச்சில் குரலை ஏற்றி இறக்கிக் காப்பாற்றிக்கொள்கிறோம். அச்சுத் தாளுக்குக் குரல் கிடையாது.

“எல்லா மாணவர்களும் சித்தியடையவில்லை” என்று ஒரு தாளில் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். இதை ‘ஒருவரும் இல்லை’ என்று எடுத்தால் வளையல்கள் தள்ளி நிற்கும். ‘சிலர் இல்லை’ என்று எடுத்தால் ஒரு கடலை மட்டும் வெளியே நிற்கும். விடை அடியோடு மாறும். வேறொரு மொழியில் தயாராகித் தமிழுக்கு வரும் தாள்களில் இந்த ஆபத்து அதிகம். அப்படி ஒரு வினா வந்தால் என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: இரண்டு பொருளிலும் போட்டுப் பாருங்கள். தந்திருக்கிற விடைகளில் எந்தப் பொருளுக்கு ஒரே ஒரு விடை நிற்கிறதோ அதுதான் தாள் செய்தவர் நினைத்த பொருள்.

‘சில’ என்ற சொல் அடுத்த குழி. நாம் பேசும்போது “சில பேர் சாப்பிட்டாங்க” என்றால் மற்றவர்கள் சாப்பிடவில்லை என்று தொனிக்கும். தருக்கத்தில் அந்தத் தொனி கிடையாது. ‘சில’ என்றால் குறைந்தது ஒன்று. எல்லாமாகவும் இருக்கலாம். கதவை லேசாகத் திறந்து பார்க்கிறேன், மூன்று பேர் தெரிகிறார்கள், “சிலர் வந்திருக்கிறார்கள்” என்கிறேன். கதவுக்குப் பின்னால் இருபது பேரும் இருந்தால் நான் பொய் சொல்லவில்லை. எனவே ‘சில ஆசிரியர்கள் பெண்கள்’ என்பதிலிருந்து ‘சில ஆசிரியர்கள் பெண்கள் அல்லர்’ என்பது வராது. இப்போது பிள்ளைகள் தமிழ்நாட்டுக்காரர்கள் நடத்தும் காணொளி வகுப்புகளையும் போனில் பார்க்கிறார்கள். இந்திய வங்கித் தேர்வுகளில் ‘ஒரு சில மட்டுமே’ என்று ஒரு வகை வந்திருக்கிறது. அங்கே அதற்குச் சில ஆம், சில இல்லை என்று இரண்டும் சேர்ந்த பொருள். அந்த விதியை எடுத்து வந்து நம் தாளின் வெறும் ‘சில’வுக்குப் போட்டால் விடை பிழைக்கும்.

மூன்றாவது ‘மாத்திரம்’. வர்த்தமானி அறிவித்தலில் ‘இலங்கைப் பிரஜைகள் மாத்திரமே விண்ணப்பிக்கலாம்’ என்றிருக்கும். இதை எல்லாப் பிரஜைகளும் விண்ணப்பிக்கலாம் என்று வாசிக்கக் கூடாது. வயதெல்லை, கல்வித் தகைமை எல்லாம் கீழே இருக்கும். விண்ணப்பிக்கக்கூடியவர் எல்லோரும் பிரஜைகள் என்பதுதான் பொருள். ‘மாத்திரம்’ வந்தால் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு ‘எல்லா’ சேர்க்க வேண்டும்.

‘எல்லா’ வாக்கியத்தை அப்படித் திருப்பவே கூடாது. என் அம்மா கொழுந்து பறித்தவர். கிலோவை நிறைவாக எடுத்த எல்லோருக்கும் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழும், குறைந்தால் அரைப்பேர். அம்மாவுக்கு நேற்று முழுப்பேர் விழுந்தது. ஆகவே அம்மா கிலோ எடுத்தாரா? தோட்டத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நேற்று அம்மாவைப் பிள்ளைக் காம்பராவில் விட்டிருக்கலாம், கான் வெட்ட அனுப்பியிருக்கலாம். முழுப்பேருக்கு வழி பல. இதை விளங்கிக்கொண்ட பிள்ளை தாளில் ‘எல்லா’வைத் திருப்ப மாட்டாள்.

அம்மாயி தந்த விடை

உயர்தரம் படிக்கிற காலத்தில், லயத்து இஸ்தோப்பில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மாயியிடம் ஒரு நியாயத்தொடையைச் சோதித்துப் பார்த்தேன். “அம்மாயி, வெள்ளைக்காரங்க ஊர்ல ஆடு எல்லாம் கறுப்பு. லண்டன் வெள்ளைக்காரங்க ஊரு. அப்ப லண்டன்ல ஆடு என்ன நிறம்?”

“நான் போயிப் பார்த்தேனா? போன தொரைமாரைக் கேளு.”

மூன்று தரம் கேட்டும் அதே விடை. நான் அன்றைக்கு அம்மாயியை நினைத்துச் சிரித்தேன். பிறகு லூரியா என்ற ரஷ்ய உளவியலாளரைப் பற்றி வாசித்தபோது சிரிப்பு நின்றது. அவர் 1931, 1932இல் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போய் விவசாயிகளிடம் கேட்டார்: பனி பெய்யும் தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. இன்ன இடம் தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? பள்ளிக்கூடம் போகாத பலர் சொன்னதன் சாரம் அம்மாயி சொன்னதுதான். நான் பார்த்ததில்லை, பார்த்தவரைக் கேள். ஓரளவு பள்ளிக்கூடம் போனவர்கள் சட்டென்று வெள்ளை என்றார்கள். பிற்காலத்தில் லைபீரியாவில் ஆய்வு செய்தவர்களும் பள்ளிப் படிப்புத்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று கண்டார்கள். மூளையில் குறை இல்லை. ‘சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு யோசி’ என்பது பள்ளிக்கூடம் பழக்குகிற ஒரு விளையாட்டு. அந்த விளையாட்டின் விதியை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

படித்தவர்களும் முழுதாகத் தப்பிவிடவில்லை. பிரித்தானியாவில் எவன்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1983இல் வெளியிட்ட ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு நியாயத்தொடைகளைக் கொடுத்தார்கள். வலிதற்றது, ஆனால் முடிவு நம்பும்படியானது என்ற வகையை 71 வீதமான தடவைகள் சரி என்று ஏற்றார்கள். வலிதானது, ஆனால் முடிவு நம்ப முடியாதது என்ற வகையை ஏற்றது 56 வீதம் மட்டும். தேயிலை மரத்துக்கு எழுந்த கைகளும் பாடும் அட்டைக்கு எழாத கைகளும் உலகம் முழுக்க ஒன்றுதான்.

அம்மாயி மறுத்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. யாரோ வாசித்துக் காட்டிய தாள்களுக்குக் கைநாட்டு வைத்து வாழ்ந்த தலைமுறை. தான் பார்க்காத ஒன்றுக்கு “ஆமாம்” சொல்வதன் விலை அவருக்குத் தெரியும்.

வடிவம் சரி, எடுப்பு?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நான் வகுப்பில் ஒரு நியாயத்தொடையாகவே எழுதிக் காட்டுவேன். அந்தச் சட்டம் வருவதற்கு முன் இந்த நாட்டில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் நடந்த பிறப்புகளில் எத்தனைக்குப் பதிவு இருந்தது? கந்தோர் மேசையில் நடந்த வாதம் இப்படி இருக்கும்.

அந்தச் சான்று காட்டாத எவரும் பிரஜை இல்லை.
இவர் சான்று காட்டவில்லை.
முடிவு: இவர் பிரஜை இல்லை.

வளையலை வைத்துப் பாருங்கள், உடையாது. வலிதான வாதம். என் தாத்தா அந்த வாதத்தில் ஒரு பிழையும் கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனென்றால் வடிவத்தில் பிழை இல்லை. பிழை முதல் எடுப்பில் இருந்தது. அதை வட்டம் போட்டு உடைக்க முடியாது. நாடற்றுப்போன எங்கள் மக்களைப் பற்றி 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரை எண்ணிப் பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரின் கணக்கைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோதுதான் நாடற்றவராக மிஞ்சியிருந்தவர்களுக்குக் கதவு திறந்தது. ஐம்பத்தைந்து வருடம். தாத்தா அதற்குள் போய்விட்டார்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் பிள்ளைகளிடம் சொல்வேன்: “வாசல்ல வைச்ச குடையைப் போகும்போது மறக்காம எடுத்துக்கிட்டுப் போங்க.” மண்டபத்துக்குள் எடுப்பைக் கேள்வி கேட்காதே. வெளியே வந்ததும் அதைத்தான் முதலில் கேள். தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் கணிதத்தில் பின்தங்கினார்கள் என்ற ‘சில’, தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் என்ற ‘எல்லா’வாக மாறுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ‘சில’வுக்கும் ‘எல்லா’வுக்கும் நடுவே உள்ள தூரம் நமக்குப் புள்ளி எடுக்கிற விஷயம் மட்டும் இல்லை.

நீங்களும் போட்டுப் பாருங்கள்

வீட்டில் மூன்று வளையல் இருந்தால் எடுங்கள்.

1. எல்லாக் குடைகளும் கரடிகள். எந்தக் கரடியும் நனையாது. முடிவு: எந்தக் குடையும் நனையாது.

2. சில லயங்கள் வெள்ளையானவை. சில வெள்ளையானவை கோயில்கள். முடிவு: சில லயங்கள் கோயில்கள்.

3. எந்த அட்டையும் பறவை இல்லை. சில பறவைகள் கறுப்பு. முடிவு அ: சில அட்டைகள் கறுப்பு இல்லை. முடிவு ஆ: கறுப்பானவற்றில் சில, அட்டைகள் அல்ல.

விடைகள்: முதலாவது பெறப்படும். குடை கரடிக்குள், கரடி நனைவதற்கு வெளியே. இரண்டாவது பெறப்படாது. இரண்டு ‘சில’, எந்த வீட்டுக்கும் தரகரை முழுதாகத் தெரியாது. மூன்றாவதில் ‘அ’ பெறப்படாது, ‘ஆ’ பெறப்படும். கறுப்புப் பறவை ஒன்று கடலையாக அங்கே கிடக்கிறது. அது அட்டை இல்லை என்பது உறுதி. அட்டைகளின் நிறத்தைப் பற்றியோ யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ‘அ’வைத் தெரிவு செய்தவர்கள் கவலைப்பட வேண்டாம். என் வகுப்பில் முதல் மாதம் எல்லோரும் அதைத்தான் தெரிவு செய்வார்கள்.

கடைசியாக, வினாத்தாள் தயாரிக்கிறவர்களுக்கும் அதைத் தமிழாக்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவரும் இல்லை என்று நினைத்தால் ‘ஒருவரும் இல்லை’ என்றே எழுதுங்கள். சிலர் இல்லை என்று நினைத்தால் ‘சிலர் இல்லை’ என்று எழுதுங்கள். ‘எல்லோரும் இல்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு சொல்லில் ஒரு வேலை போய்விடும்.